அது கரிசலாங்கண்ணி இல்லை, முரளி

முரளி, இதைப் படிக்க உட்காருவதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வா. அந்த மஞ்சள் பூக்கீரை வெந்துகொண்டிருந்தால் இறக்கி வெளியே கொட்டு. துவையலாக அரைத்து வைத்திருந்தால் அதையும் கொட்டு. நீ ஒரு வேலையை ஆரம்பித்தால் பாதியில் விடுகிறவன் இல்லை, காயவைத்துப் பொடித்து டப்பாவிலும் போட்டு வைத்திருப்பாய். அதைக் குழி தோண்டிப் புதை. ஏன் என்று உமா கேட்டால் அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொள். பிறகு வந்து உட்கார்ந்து படி. சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உனக்குப் பிடிக்காததும் அதில் இருக்கிறது.

நேற்றுக் காலையில் பேங்குக்குப் போன் செய்து இதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். "அது கரிசலாங்கண்ணி இல்லடா, உங்கப்பா போனதே அதனாலதான்" என்று நான் வாயெடுத்ததுமே உன் குரல் மாறிவிட்டது. "மறுபடியும் அப்பா கதையாம்மா? கவுண்டர்ல கூட்டம் நிக்குது. கால் கட்டோட சும்மா உக்காந்துட்டு கண்டதையும் யோசிக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்கப்புறம் எவ்வளவு சுழற்றியும் லைன் கிடைக்கவில்லை. மேல்மலையில் மழை, கம்பி எங்கேயோ அறுந்திருக்கும் என்று எக்ஸ்சேஞ்சில் சொன்னார்கள். நடக்க முடிந்தால் நானே கிளம்பி வந்திருப்பேன். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் விழுந்து போட்ட மாவுக்கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அதனால் என் பள்ளிக்கூடத்து ரோசலின் டீச்சர் லீவு போட்டுவிட்டு இந்தக் கடிதத்தோடு வருகிறாள். இன்று சாயங்காலம் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் இறங்கி, அங்கிருந்து மலை பஸ் பிடித்து நாளைக்கு உன் வாசலில் நிற்பாள். அவள் உனக்கு வீட்டில் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். போனை வைக்கிற மாதிரி அவளை வைத்துவிட்டுப் போக உன்னால் முடியாது என்றுதான் அவளை அனுப்புகிறேன்.

நீ கொடுத்தனுப்பிய பார்சல் இந்த வாரம் வந்தது. உன் பேங்க்காரர் ஒருவர் கிழக்குத் தாம்பரத்தில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவர், சிட்லபாக்கம் வரைக்கும் தேடிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். செய்தித்தாளில் சுற்றிய காய்ந்த செடிக் கட்டு, அதன்மேல் உன் துண்டுச்சீட்டு. 'அப்பா கொண்டுவருவாரே, அதே மஞ்சள் கரிசலாங்கண்ணி. குவார்ட்டர்ஸ் பின்னால் சரிவு முழுக்கக் கிடக்கிறது. உமாவுக்கு ரத்தம் குறைவு என்று நர்ஸ் சொன்னதிலிருந்து தினமும் கொடுக்கிறேன், நானும் சாப்பிடுகிறேன். அப்பா குடியை விட்டுவிட்டு இதை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் ஈரல் தப்பித்திருக்கும். உனக்கும் கொஞ்சம் அனுப்புகிறேன்' என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு உடம்பு தேற வேண்டும் என்று சரிவில் குனிந்து பறித்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கட்டைப் பிரித்தபோது எழுந்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. கசப்பும் பழைய புகையிலையும் கலந்த அந்த வாசனை இந்த வீட்டு அலமாரியில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. உன் அப்பா போனபிறகு அலமாரியை நானே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.

உன் அம்மா யார் என்பது உனக்குச் சில சமயம் மறந்துவிடுகிறது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வருஷா வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சூரியகாந்திக் குடும்பத்தை நடத்திப் பிழைத்தவள் நான். செய்முறைத் தேர்வு வந்தால் ரயில்வே லைன் ஓரத்தில் மூக்குத்திப்பூ பறிக்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன். நீங்கள் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ இல்லை, நூறு பூக்கள் சேர்ந்த ஒரு கூட்டம், ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவில் குழாய் குழாயாக நிற்பதும் தனிப் பூ என்று சொல்லும்போது பிள்ளைகள் நம்பமாட்டார்கள். பிளேடால் நெடுக வெட்டிக் காட்டினால்தான் நம்புவார்கள். உன் அப்பா என்னை இதை வைத்தே கேலி செய்வார். "டீச்சருக்கு எங்க குடும்பத்துல யாரு யாருக்கு என்ன முறைன்னு கேட்டா தெரியாது, சூரியகாந்திக் குடும்பம்னா கொள்ளுப்பேரன் வரைக்கும் சொல்வாங்க" என்பார். சொல்லிவிட்டு நான் முறைப்பதற்காகக் காத்திருப்பார்.

பார்சலைப் பிரித்த அன்று, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, சாப்பாட்டு மேஜையில் உன் செடியைப் பரப்பினேன். ஒரு பூவை வெந்நீரில் ஊறப்போட்டேன். ரோசலின் பள்ளிக்கூடத்து லென்ஸையும் பிளேடையும் கொண்டுவந்தாள். வேங்கைவாசலிலிருந்து வரும் கீரைக்கார அம்மாவிடம் நிஜ மஞ்சள் கரிசலாங்கண்ணி ஒரு கட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். தள்ளி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மஞ்சள் இதழ், மஞ்சள் நடு, கசப்பு இலை. கிட்டப் பார்க்கப் பார்க்கத்தான் வித்தியாசம் தெரிந்தது. கரிசலாங்கண்ணியில் இலைகள் ஜோடி ஜோடியாக, எதிரெதிரே இருக்கும். உன் செடியில் ஒன்று இந்தப் பக்கம், அதற்கு மேலே இன்னொன்று அந்தப் பக்கம் என்று மாறி மாறி வருகின்றன. கரிசலாங்கண்ணியில் நீளக் காம்பின் நுனியில் பூ தனியாக நிற்கும், பூவுக்குக் கீழே அகலமான பச்சை இலை போல ஐந்தாறு இருக்கும். உன்னுடையதில் பூக்கள் கொத்தாக இருக்கின்றன. பூவின் அடியில் மெல்லிய பச்சை ஓலைகள் ஒரே வரிசையாக நெருக்கிக் கட்டியிருக்கின்றன, நுனியில் கறுப்புத் தீற்றல். பிளேடை வைத்து வெட்டினேன். உள்ளே விதைக்குஞ்சுகளின் தலையில் வெள்ளை வெளேரென்று பஞ்சு. கரிசலாங்கண்ணி விதைக்குப் பஞ்சு கிடையாது முரளி. எந்தக் காலத்திலும் கிடையாது.

அந்தப் பஞ்சைப் பார்த்ததும் நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். ரோசலின் "என்ன டீச்சர், என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் நீ ஏழாவது படித்த வருஷத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். உனக்கு அந்த வருஷத்தைப் பற்றிப் பேசினாலே எரிச்சல் வரும். இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் நடுவில் சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு மஞ்சள் காமாலை. ஏரி வற்றியதும் கிணறுகளில் என்ன தண்ணீர் ஊறியதோ தெரியாது. உன் அப்பாவுக்கும் வந்தது, கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், பத்தியம் இருந்தார், சரியாகிவிட்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். அப்புறம் அவர் வேலை பார்த்த கான்ட்ராக்டர், நீ இப்போது இருக்கிற அதே மேல்மலையில் மின்கோபுரம் நடும் வேலை எடுத்தார். உன் அப்பா சூப்பர்வைசராக அங்கே போய்த் தங்குவார், மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். காலை ரயில் தாம்பரத்தில் நிற்கும்போது நீயும் நானும் பிளாட்பாரத்தில் நிற்போம். அவரோடு கேம்ப்பில் இருந்தவர்கள் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள், செங்கல்பட்டு, மதுராந்தகம். காமாலை வந்து தேறினவருக்கு ஈரலைக் காப்பாற்றக் கரிசலாங்கண்ணிதான் என்பது அவர்களுக்கெல்லாம் தெரியும். மலைச்சரிவில் மஞ்சளாகப் பூத்துக் கிடந்ததைப் பார்த்து, வயல் வரப்பில் தேடித் தேடிப் பறிப்பது இங்கே கொள்ளையாகக் கிடக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவர்தான் உன் அப்பாவுக்கு முதலில் பறித்துக் கொடுத்தார். அங்கே கீரையாகக் கடைந்து சாப்பிட்டார். வீட்டுக்கு வரும்போது நிழலில் காயவைத்துக் கையால் நொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்துக் கொண்டுவந்தார். காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிப்பார். உனக்கும் ஒரு வாய் கொடுத்தார். நீ துப்பிவிட்டு, தெருக்குழாய் வரைக்கும் ஓடிப்போய் வாய் கொப்பளித்தாய். "இவனுக்கு நாக்கு நீளம், பாட்டில் வேஸ்ட்" என்று சிரித்துவிட்டு அப்புறம் உனக்குக் கொடுக்கவே இல்லை. அந்தச் சிரிப்பால்தான் நீ இன்றைக்கு இருக்கிறாய் என்று இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பொடியில் குச்சி கிடக்கிறது என்று நான் அதைச் சலித்துக் கொடுப்பேன். நொறுங்கிய இலைகள் கீழே விழுந்துவிடும், சல்லடையில் வெள்ளையாகப் பஞ்சு நிற்கும். "தலகாணிப் பக்கத்துல வச்சு கட்டினீங்களா, இலவம்பஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று நான் கேட்பேன். "கேம்ப்ல எல்லாம் ஒண்ணுதான் டீச்சர், மெத்தையும் சமையலும் ஒரே ரூமு" என்பார். நான் ஊதித் தள்ளுவேன். அது சமையலறை ஜன்னல் வழியாகப் பறந்து போகும். பூவோடு, காம்போடு ஒரே ஒரு செடியை முழுசாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருந்தால் நான் பார்த்திருப்பேன். பொடியைப் பார்த்து எந்தச் செடி என்று சொல்ல என்னால் முடியாது, யாராலும் முடியாது. இத்தனை வருஷம் கழித்து முழுச் செடியை நீதான் அனுப்பியிருக்கிறாய்.

முதலில் பெல்ட்டில்தான் தெரிந்தது. ஆள் இளைத்துக்கொண்டே போனார், கன்னம் ஒட்டிவிட்டது, ஆனால் இடுப்பு மட்டும் பெருத்தது. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடச் சொல்லிச் சண்முகம் ரோட்டுச் செருப்புக் கடைக்குப் போனார். மலைக் காற்றில் நல்ல சாப்பாடு என்று நானே பெருமையாகச் சொன்னேன். அடுத்த மாதம் வரும்போது கால் வீங்கியிருந்தது. வலது விலாவுக்குக் கீழே யாரோ அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் கட்டின மாதிரி வயிறு முன்னால் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "எத்தனை வருஷமா குடிக்கிறார்?" என்று கேட்டார். குடிக்கமாட்டார் என்றேன். அவர் கோபப்படவில்லை. அலுத்துப்போன குரலில், "எல்லா வீட்லயும் இதையேதாம்மா சொல்றாங்க. உங்களுக்குத் தெரியாம குடிச்சிருப்பார். மாசக்கணக்கா வெளியூர் கேம்ப் வேற" என்றார். அப்புறம் கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார். "நாட்டு மருந்து, லேகியம், ஏதாவது சாப்பிட்டாரா?" என்றார். எதுவும் இல்லை டாக்டர் என்றேன்.

முரளி, அந்தப் பதிலில் பொய் இல்லை. கீரையை யாராவது மருந்து என்று சொல்வார்களா? மருந்து என்றால் வைத்தியர் கொடுப்பது, பொட்டலத்தில் கட்டி வருவது. வீட்டில் சாப்பிடுகிற கீரை எங்கள் கணக்கில் சாப்பாடு. படுக்கையில் கிடந்த உன் அப்பாவுக்கும் சொல்லத் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. தோன்றாதது மட்டும் இல்லை, ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, வீட்டில் இருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியிலும் தினமும் வெந்நீரில் கலக்கிக் கொடுத்தேன். ஈரலுக்கு நல்லது என்றுதானே கொடுத்தேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் எழுதுகிறேன். ஏனென்றால் இப்போது உன் வீட்டில் அதே காரியம் அதே அன்போடு நடந்துகொண்டிருக்கிறது.

அவர் போனபிறகு நடந்தது உனக்குத் தெரியும். வார்டில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் வேண்டுமென்றே இல்லை, சாதாரணமாகச் சொன்னார்: "இன்னா பண்றது டீச்சர், குடிச்சிக்கினே இருந்தா ஈரல் எப்டி நிக்கும்? இந்த வார்டு பூரா அந்தக் கேசுதான் கீது." அது ஆஸ்பத்திரியிலிருந்து நமக்கு முன்னாலேயே தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. உன் சித்தப்பா கருமாதிக்கு வந்த இடத்தில், "அண்ணன் நல்லவருதான், ஆனா அந்தப் பழக்கம் ஒண்ணு" என்று எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிரிக்கெட் ஆடும்போது பையன்கள் உன்னைக் குடிகாரன் புள்ள என்று கூப்பிட்டார்கள். நீ ரத்தக் காயத்தோடு வந்து, "அப்பா குடிச்சாரா இல்லையா, சொல்லு" என்று கேட்டாய். இல்லை என்றேன். "அப்புறம் எப்படிச் செத்தார்?" என்றாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாத அம்மாவை விட, காரணம் சொன்ன ஊரை நம்புவது உனக்குச் சுலபமாக இருந்தது. அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது ஆறவே இல்லை.

உனக்குப் பெண் பார்க்கப் பெருங்களத்தூர் போனோமே, அன்றைக்கு நீ காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உமாவின் அப்பாவிடம் சொன்னாய்: "எங்கப்பா குடிச்சே செத்தவர். நான் ஒரு சொட்டு தொட்டதில்ல, தொடவும் மாட்டேன். பின்னாடி யாரும் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேணாம்னு நானே சொல்லிடறேன்." அவர் உன்னை மரியாதையோடு பார்த்தார். நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டேன். வீட்டுக்கு வந்து, செத்துப்போனவரைக் காட்டிக்கொடுத்துப் பெண் கேட்கிறாயா என்று கேட்டேன். நீ, "நீ எத்தனை நாளைக்கும்மா மூடி மறைப்ப?" என்று கேட்டாய். அன்றிலிருந்து நாம் இரண்டு பேரும் அவரைப் பற்றிப் பேசாமலே குடும்பம் நடத்தினோம். இப்போது நான் ஒரு செடியைக் கையில் வைத்துக்கொண்டு, இதுதான் உங்கப்பாவைக் கொன்றது என்று சொன்னால், கிழவி கடைசியில் ஒரு கதையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றுதான் உனக்குத் தோன்றும். நேற்று உன் குரலில் அதுதான் இருந்தது.

அதனால் எனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்பதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். செடியை ரோசலின் கையில் கொடுத்து, இங்கே கல்லூரியில் தாவரவியல் நடத்துகிற ஒருவரிடம் அனுப்பினேன். என் கணிப்பு என்ன என்பதை அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவரும் இலை அடுக்கைப் பார்த்து, பூவின் அடியைப் பார்த்து, பஞ்சைப் பார்த்து, நான் எழுதி வைத்திருந்த அதே பேரைத்தான் சொல்லியனுப்பினார். செனிசியோ. கரிசலாங்கண்ணிக்கு ஒன்றுவிட்ட உறவு, அதே சூரியகாந்திக் குடும்பம், நம் மலைகளிலேயே பிறந்து வளர்கிற காட்டுச்செடி. அந்தப் பேருக்குக் கீழே பல வகைகள் இருக்கின்றன. உன் சரிவில் இருப்பது எந்த வகை என்று சொல்லப் பச்சைச் செடி வேண்டும் என்றார். அதனால் அது எனக்குத் தெரியாது. ஆனால் இந்தக் கூட்டத்தில் பலவற்றில் ஈரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைக்கிற நஞ்சு இருக்கிறது. வேகவைத்தாலும் அது போகாது, காயவைத்தாலும் போகாது. உடனே வாந்தியோ மயக்கமோ வந்தால் பயந்து நிறுத்திவிடுவோம். இது அப்படி வராது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும், நிறுத்தின பிறகும் வேலை செய்யும், கடைசியில் வயிற்றில் நீர் கோக்கும். பார்க்கிற டாக்டர் எத்தனை வருஷமாகக் குடிக்கிறார் என்று கேட்பார்.

என்னை நம்ப வேண்டாம், நீயே போய்ப் பார். ரோசலினையும் கூட்டிக்கொண்டு சரிவுக்குப் போ. இலை ஜோடியாக இருக்கிறதா, மாறி மாறி இருக்கிறதா என்று பார். பூத்து முடிந்த ஒரு தலையைக் கையில் வைத்து ஊது, பஞ்சு பறக்கிறதா என்று பார். அங்கே மாடு மேய்ந்தால் கொஞ்ச நேரம் நில். சுற்றிப் புல்லை எல்லாம் மொட்டையாக்கிவிட்டு மாடு எதை விட்டுவைத்திருக்கிறது என்று கவனி. ஒன்றுக்குப் பேர் வைப்பதற்கு முன்னால் அதைக் குனிந்து பார்க்க வேண்டும் என்பதைத்தான் வாழ்நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தள்ளி நின்று மஞ்சளைப் பார்த்துக் கரிசலாங்கண்ணி என்றார்கள், தள்ளி நின்று வயிற்றைப் பார்த்துக் குடிகாரன் என்றார்கள். நீ பேங்கில் ஒரு கையெழுத்தை எத்தனை தடவை உற்றுப் பார்க்கிறாய்? அதில் பாதி அக்கறையோடு இதைப் பார்த்தால் போதும்.

போன மாதம் உமா என்னோடு பேசினாள். அப்போது நான் சிரித்துக்கொண்டு கேட்டதெல்லாம் இப்போது காதுக்குள் வேறு மாதிரி ஒலிக்கிறது. "மோதிரம் கழட்டவே முடியல அத்தை, சோப்பு போட்டுத்தான் எடுத்தோம். ரெண்டு வாய்க்கு மேல சாப்பாடு இறங்கல. வலது பக்கம் விலாகிட்ட கனமா இருக்கு. ஏழாம் மாசம் அப்படித்தான் இருக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க" என்றாள். ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொன்னேன். ஏழாம் மாதத்தில் அப்படி இருக்கலாம்தான். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் வயிறு பெரிதானால் யாருக்கும் சந்தேகம் வராது, எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். உள்ளே இருக்கிற பிள்ளைக்குப் பச்சை ஈரல், அதற்கு எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் நீ போனை வாங்கி, "எனக்கும் பேன்ட் எல்லாம் டைட்டாயிடுச்சும்மா, முகம்தான் இளைச்சிருக்கேனாம், உன் மருமக சமையல் அப்படி" என்று சொன்னாய். அதையும் கேட்டுச் சிரித்தேன்.

நாளைக்கே இரண்டு பேரும் கீழே இறங்குங்கள். திண்டுக்கல்லோ மதுரையோ, பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போங்கள். அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே செடியை எடுத்து மேஜையில் வை. இதைக் கீரை என்று நினைத்து இத்தனை நாளாகச் சாப்பிட்டோம் என்று சொல். கீரைதானே என்று விட்டுவிடாதே, ஒரு வாய் வைத்ததையும் சொல்லிவிடு. ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை இரண்டு பேருக்கும் வேண்டும், உமாவுக்கு மட்டும் போதும் என்று நழுவாதே. பக்கத்து வீட்டாருக்கும், பேங்க்கில் வேலை செய்கிறவர்களுக்கும் பறித்துக் கொடுத்திருந்தால் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு இறங்கு. வெட்கமாக இருந்தால் என் பேரைச் சொல்லிக்கொள்.

ரோசலின் பையோடு வந்துவிட்டாள், ஆட்டோ வாசலில் நிற்கிறது. இன்னும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். நீ இதைப் படித்துவிட்டு, அம்மா அப்பாவின் பேரைக் காப்பாற்றத்தான் இவ்வளவு எழுதியிருக்கிறாள் என்று நினைத்துக் கடிதத்தை மடித்து வைத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. என்னோடு சண்டை போடுகிற வீம்பில் இன்னும் நாலு நாள் அதே கீரையைச் சாப்பிடுவாய், நீ அப்படிப்பட்டவன்தான், எனக்குத் தெரியும். அதனால் இந்தச் சண்டையை நான் இத்தோடு விட்டுவிடுகிறேன். உங்கப்பா குடித்தார். எனக்குத் தெரியாமல் கேம்ப்பில் குடித்தார், குடித்தே செத்தார். ஊர் சொன்னது சரி, உன் சித்தப்பா சொன்னது சரி, நீ பெருங்களத்தூரில் சொன்னதும் சரி. ரோசலினைச் சாட்சியாக வைத்து எழுதித் தருகிறேன், இனி ஒரு நாளும் மறுத்துப் பேசமாட்டேன். அந்தக் கீரையை மட்டும் கொட்டிவிடு. நீ குடிகாரன் மகனாகவே இருந்துவிட்டுப் போ, முரளி. உயிரோடு இரு.

அம்மா